எஸ். பி. பி. 50 பாடல் தெரிவுச் சர்ச்சை

எஸ். பி. பி. 50 என்பது திரைப்படப் பின்னணிப் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் இசைத்துறையில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்ததைக் கொண்டாடும் வகையில் பல நாடுகளில் நடத்தப்பட்ட மேடை இசை நிகழ்ச்சித் தொடராகும். 2017 மார்ச்சு மாதம் இத்தொடர் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றுக் கொண்டிருந்தபோது, தமது இசையமைப்பில் உருவான பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இசையமைப்பாளர் இளையராஜா சட்ட அறிவிக்கை அனுப்பினார். அதன் பின்னர் அப்பாடல்கள் நீக்கப்பட்டு நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. எந்தப் பாடல்கள் பாடப்பட வேண்டும், அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பன குறித்துத் தமிழ், தெலுங்குத் திரையிசை ரசிகர்களிடையே இது நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தது.

பின்னணி

பாலசுப்பிரமணியம் (1946–2020) தமது முதல் திரைப்பாடலை 1966 டிசம்பர் 15 அன்று, எஸ். பி. கோதண்டபாணியின் இசையில், "சிறீ சிறீ சிறீ மரியாத ராமண்ணா" என்னும் தெலுங்குத் திரைப்படத்திற்காகப் பாடினார். தமிழில் 1969 இல் வெளிவந்த அடிமைப் பெண், சாந்தி நிலையம் ஆகிய படங்களின் பாடல்கள் அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தின.

இளையராஜா 1976 இல் அன்னக்கிளி படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். அதற்கு முன்னரே இளையராஜாவும் அவருடைய சகோதரர்களும் பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இசைக்கருவிகள் வாசித்து வந்தனர். இவ்வாறு தொடங்கிய நட்பு 1980களில் தமிழ்த் திரையிசையின் முதன்மையான கூட்டணிகளுள் ஒன்றாக வளர்ந்தது. பயணங்கள் முடிவதில்லை (1982), உதய கீதம் (1985), இதயக் கோயில் (1985), புன்னகை மன்னன் (1986), கேளடி கண்மணி (1990), தளபதி (1991) முதலிய படங்களின் பாடல்கள் இக்கூட்டணியில் உருவானவை. மேடை நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்த பாடல்களும் இவற்றில் அடங்கும்.

நிகழ்ச்சித் தொடரும் அறிவிக்கையும்

இத்தொடர் பாலசுப்பிரமணியத்தின் மகன் எஸ். பி. பி. சரணின் முயற்சியில் அமைக்கப்பட்டது. 2016 ஆகத்து மாதம் கனடாவின் டொராண்டோ நகரில் தொடங்கி, உருசியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், துபாய் ஆகிய இடங்களிலும் இந்தியாவின் பல நகரங்களிலும் நிகழ்ச்சிகள் நடைபெற்றன. பாடகி கே. எஸ். சித்ராவும் சரணும் உடன் பாடினர்.

அமெரிக்கச் சுற்றின்போது பாலசுப்பிரமணியம், சரண், சித்ரா ஆகியோருக்கும் நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் அரங்க நிர்வாகத்தினருக்கும் அறிவிக்கை அனுப்பப்பட்டது. இச்செய்தியைப் பாலசுப்பிரமணியமே தமது முகநூல் பக்கத்தில் வெளியிட்டார். முந்தைய நாடுகளில் பாடியபோது எவ்வித மறுப்பும் வரவில்லை என்றும், இச்சட்ட நுணுக்கங்களைத் தாம் அறிந்திருக்கவில்லை என்றும், சட்டம் அதுவெனில் அதற்குக் கட்டுப்படுவதாகவும் அவர் குறிப்பிட்டார். பிற இசையமைப்பாளர்களின் பாடல்களைக் கொண்டு நிகழ்ச்சிகள் நடைபெறும் என அறிவித்ததுடன், இளையராஜாவைக் கடுமையான சொற்களால் தாக்க வேண்டாம் என்றும் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

பாடல் பட்டியலில் ஏற்பட்ட மாற்றம்

இளையராஜாவின் பாடல்கள் நீக்கப்பட்டபோதிலும் பாடுவதற்கான பாடல்களுக்குக் குறைவு ஏற்படவில்லை. ம. சு. விசுவநாதன், கே. வி. மகாதேவன், சங்கர்–கணேஷ், தேவா, ஏ. ஆர். ரகுமான் முதலிய பலரின் இசையில் பாலசுப்பிரமணியம் பாடியுள்ளார். சிறந்த ஆண் பின்னணிப் பாடகருக்கான இந்திய தேசியத் திரைப்பட விருதை அவர் பெற்ற ஆறு படங்களின் விவரம் இதனைக் காட்டும்:

- சங்கராபரணம் (தெலுங்கு) – கே. வி. மகாதேவன்
- ஏக் துஜே கே லியே (இந்தி) – லட்சுமிகாந்த்–பியாரேலால்
- சாகர சங்கமம் (தெலுங்கு, தமிழில் சலங்கை ஒலி) – இளையராஜா
- ருத்ரவீணா (தெலுங்கு) – இளையராஜா
- சங்கீத சாகர கானயோகி பஞ்சாட்சர கவாய் (கன்னடம்) – அம்சலேகா
- மின்சாரக் கனவு (தமிழ்) – ஏ. ஆர். ரகுமான்

ஆறில் நான்கு பிறருடைய இசையில் அமைந்தவை. எனினும் 1976 முதல் 1990களின் தொடக்கம் வரையிலான தமிழ்ப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ரசிகர்களுக்கு, ஐம்பது ஆண்டுப் பயணத்தின் நடுப்பகுதியே விடுபட்டது போன்ற நிலை ஏற்பட்டது.

விவாதத்தில் முன்வைக்கப்பட்ட கருத்துகள்

இசையமைப்பாளர் தரப்பு: பாடலின் மெட்டு, இசைக்கோர்வை ஆகியவற்றைப் படைத்தவர் இசையமைப்பாளரே. நுழைவுக் கட்டணம் பெற்று வணிக நோக்கில் நடத்தப்படும் நிகழ்ச்சியில் அப்படைப்பு பயன்படும்போது அவருக்குரிய பங்கு வழங்கப்பட வேண்டும். பாடகருக்கும் அமைப்பாளர்களுக்கும் ஊதியம் கிடைக்கும் இடத்தில் படைப்பாளி மட்டும் விடுபடுவது முறையன்று என்று இத்தரப்பினர் வாதிட்டனர்.

பாடகர் தரப்பு: பாடலுக்கு உயிர் கொடுத்தவர் பாடகர், மக்கள் நினைவில் அப்பாடல் அவருடைய குரலிலேயே நிலைத்துள்ளது. நெடுநாள் நண்பர்களுக்கிடையே வழக்கறிஞர் மூலம் அறிவிக்கை அனுப்பாமல் நேரில் பேசித் தீர்த்திருக்கலாம் என்பது இவர்களின் முதன்மையான மனக்குறையாக இருந்தது. இளையராஜாவின் தம்பி கங்கை அமரனும் தமையனின் நிலைப்பாட்டை வெளிப்படையாக விமர்சித்தார்.

பாடலாசிரியர், தயாரிப்பாளர் குறித்த கேள்வி: உரிமத்தொகை பெறப்படுமாயின் வரிகளை எழுதிய கவிஞருக்கும், பாடல் பதிவுக்குப் பணம் செலவிட்ட தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டா என்ற வினாவும் எழுப்பப்பட்டது.

கேட்போர் தரப்பு: குறிப்பிட்ட பாடல்களை எதிர்பார்த்து முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்கியவர்களின் நிலை பற்றியும் பேசப்பட்டது. இதற்கு மாறாக, மேடைகளில் அரிதாகவே ஒலிக்கும் 1970களின் விசுவநாதன் பாடல்களுக்கு இடம் கிடைப்பது நன்மையே என்று கருதியவர்களும் இருந்தனர்.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஒரு திரைப்பாடலில் வெவ்வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. வரிகள் இலக்கியப் படைப்பாகவும், மெட்டு இசைப் படைப்பாகவும், ஒலிப்பதிவு தனியொரு படைப்பாகவும் கொள்ளப்படுகின்றன. மேடையில் பாடகர் நேரடியாகப் பாடும்போது ஒலிப்பதிவு பயன்படுவதில்லை. வரிகளும் மெட்டுமே பயன்படுகின்றன. பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. ஆனால் அது மெட்டின் மீதான உரிமை ஆகாது. எனவே, ஒரு பாடலை முதன்முதலில் பாடியவரும் பிற்காலத்தில் அதனை வணிக மேடையில் பாடுவதற்கு உரிமம் தேவைப்படும் நிலை ஏற்படுகிறது.

அவ்வுரிமத்தை வழங்க வேண்டியவர் யார் என்பதே சிக்கலான வினாவாகும். கூலி பெற்று இசையமைத்த பாடலில், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆகலாம் என 1977 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்றியது. திரையரங்கில் படத்துடன் காட்டப்படுவது நீங்கலாக, பிற பயன்பாடுகளில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகை பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என அது வகுத்தது. பழைய பாடல்களின் உரிமை குறித்து இளையராஜாவுக்கும் எக்கோ உள்ளிட்ட ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடைபெற்றன.

அமெரிக்காவில் பொதுவாக அரங்க நிர்வாகத்தினர் ஆசுகேப், பி. எம். ஐ. போன்ற அமைப்புகளிடம் மொத்த உரிமம் பெற்றிருப்பர். அவ்வமைப்புகளின் தொகுப்பில் உள்ள பாடல்களை மேடையில் பாட, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டியதில்லை.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

- 2017 சூலை 8 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏ. ஆர். ரகுமான் நடத்திய "நேற்று இன்று நாளை" நிகழ்ச்சியில் தமிழ்ப் பாடல்கள் மிகுதியாக இடம்பெற்றதாகக் கூறி இந்தி ரசிகர்களில் ஒரு பகுதியினர் இடையில் வெளியேறினர். சிலர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டனர். நிகழ்ச்சியின் பெயரே தமிழில் இருந்ததைச் சுட்டிக்காட்டித் தமிழ் ரசிகர்கள் மறுமொழி அளித்தனர்.
- அயர்லாந்து ராக் இசைக்குழுவான யூ2, 1987 இல் வெளியிட்ட "த யோசுவா ட்ரீ" இசைத்தொகுப்பின் முப்பதாம் ஆண்டையொட்டி 2017 இல் சுற்றுப்பயணம் மேற்கொண்டு, அத்தொகுப்பின் 11 பாடல்களையும் மேடையில் இசைத்தது. இப்பயணம் 2019 டிசம்பர் 15 அன்று மும்பையில் நிறைவுற்றது. அக்குழு இந்தியாவில் நடத்திய முதல் நிகழ்ச்சி அதுவே. தொகுப்பு முழுவதையும் இசைக்கும் இத்தகைய பயணங்களில் நிகழ்ச்சியின் பெரும்பகுதி முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுவதால், அதற்கு முன்னும் பின்னும் வரும் பாடல்களே ரசிகர்களின் விவாதத்திற்குரியனவாகின்றன.
- அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகெர்ட்டி, தாம் எழுதிய கிரீடென்சு கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் பாடல்களை, ஒலிப்பதிவு நிறுவனத்துடனான உரிமைப் பூசலினால் 1987 வரை பல ஆண்டுகள் மேடையில் பாடாதிருந்தார். அப்பாடல்களின் வெளியீட்டு உரிமையில் பெரும்பகுதியை 2023 இல் அவர் பெற்றார். இங்குப் பாடகரே படைப்பாளியாகவும் இருந்தார் என்பது வேறுபாடு.

பிற்கால நிகழ்வுகள்

2019 சூன் 2 அன்று, இளையராஜாவின் 76 ஆவது பிறந்தநாளையொட்டிச் சென்னை ஈ. வி. பி. திரைப்பட நகரில் நடந்த இசை நிகழ்ச்சியில் பாலசுப்பிரமணியம் அவருடன் மீண்டும் மேடையேறிப் பாடினார். கே. ஜே. யேசுதாசும் அந்நிகழ்ச்சியில் பங்கேற்றார். ஒத்திகைக்கு வந்த பாலசுப்பிரமணியமும் இளையராஜாவும் தழுவிக்கொண்ட ஒளிப்படம் பரவலாகப் பகிரப்பட்டது.

2020 ஆகத்து மாதம் பாலசுப்பிரமணியம் கோவிட்-19 தொற்றினால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர் நலம்பெற்றுத் திரும்ப வேண்டும் என இளையராஜா காணொளி ஒன்றை வெளியிட்டார். 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார். அவருடைய நினைவாக இளையராஜா திருவண்ணாமலையில் மோட்ச தீபம் ஏற்றினார்.

பாடல் உரிமை தொடர்பான இளையராஜாவின் சட்ட நடவடிக்கைகள் பின்னரும் தொடர்ந்தன. 2024 மே மாதம், குணா (1991) படப் பாடலைப் பயன்படுத்தியமைக்காக மஞ்ஞும்மல் பாய்சு என்னும் மலையாளப் படத்தின் தயாரிப்பாளர்களுக்கு அறிவிக்கை அனுப்பப்பட்டது.