தொழிலாளர் சட்ட முதுநிலைக் கல்வி (திருநெல்வேலி)

சட்டக் கல்வியில் இளநிலைப் பட்டத்துக்கு அப்பால், முதலாளி தொழிலாளி உறவை நிர்ணயிக்கும் சட்டங்களைத் தனியே பயிலும் பிரிவு இது. முன்னாளில் எம்.எல். என்றும் இந்நாளில் எல்.எல்.எம். என்றும் வழங்கும் இப்பட்டம் வழக்காடுவதற்கு அவசியமன்று. சட்டக் கல்லூரியில் ஆசிரியராவதற்கே இன்றியமையாதது.

இத்துறையின் தோற்றத்தை 1918இல் வாடியா சென்னையில் நிறுவிய தொழிற்சங்கத்திலிருந்து கணக்கிடுவோர் பலர். ஆயினும், பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையால் நூற்பாலை ஓட்டிய ஹார்வி நிர்வாகத்தின் கீழிருந்த தூத்துக்குடிக் கோரல் ஆலையில், 1908 பிப்ரவரி 27 அன்று, அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த அவ்வூர்த் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் தொடங்கி, ஒன்பது நாளில் நிர்வாகத்தை இணங்கச் செய்ததே ஆதி நிகழ்ச்சியாம். தொழிற்சங்கச் சட்டம் பிறக்கப் பதினெட்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. அவர்களை வழிநடத்திய வ. உ. சிதம்பரம் பிள்ளை ஒரு வக்கீல். வேலைநிறுத்தத்தின் பொருட்டன்றி ராஜத்துரோகக் குற்றத்தின் பேரில் அவருக்கு நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று நாற்பதாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

திருநெல்வேலி வட்டாரத்து முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் முறத்தை வைத்து, இலையை வெட்டித் தூளிட்டுச் சுருட்டி நூல் கட்டும் பெண், ஆலை வாயிலை மிதியாதவளாயினும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. வீட்டு வேலைக்குச் சட்டம் எட்டுமா என்னும் வினாவை ஆராயும் மாணவனுக்கு இதனினும் சிறந்த பாடம் அரிது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களோ 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் பாற்பட்டிருந்தவை.

1996இல் தோன்றிய திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் இளநிலை மாணவர் தொழிலாளர் சட்டத்தை ஒரு பாடமாகக் கற்கின்றனர். முதுநிலையில், சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இது நிர்வாகச் சட்டத்தோடு இணைந்த பிரிவாக உள்ளது. இருபத்தொன்பது மத்தியத் தொழிலாளர் சட்டங்கள் இப்போது நான்கு தொகுப்புகளாயின.

எவ்வளவு கற்றாலும், எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியுமின்றித் தொழில் தகராறில் வக்கீல் தோன்றலாகாது என்ற 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு விதித்த தடை புதிய தொகுப்பிலும் நீடிக்கிறது. தொழிற்சங்க நிர்வாகிக்கு அத்தடை இல்லை.