ஊர் தாண்டி வந்த நூல்கள்: புதுக்கோட்டையில் நூலகப் பகிர்வின் வரலாறு

நம் மாவட்டத்தின் உயர்கல்வி வரலாறு தொண்டைமான் மன்னர்களின் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. 1857-ல் கட்டணமில்லாப் பள்ளியாகத் தொடங்கி, 1880-ல் கல்லூரியாக உயர்ந்தது அது. திவான் சேஷய்யா சாஸ்திரியாரின் நிர்வாகக் காலம் அது. பிற்காலத்தில் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் நாடறிந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே பயின்ற அந்தக் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்த முதல் பெண் என்பது நமக்கெல்லாம் பெருமை. இன்று அது மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி. அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப்படி நடந்ததால், சென்னையில் இருந்த நூல் இங்கும் தேவைப்பட்டது. அதை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

புதுக்கோட்டை கேட்டு வாங்கும் இடத்தில் மட்டும் இருந்ததில்லை, கொடுக்கும் இடத்திலும் இருந்தது. 1910-ல் அருங்காட்சியகம் கண்ட சமஸ்தானம் இது. கல்லூரி முதல்வராக இருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1929-ல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடங்கள் அரச மரபு வாரியாகத் தொகுக்கப்பட்டு அச்சேறின. குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று எந்த ஊரைப் பற்றி ஆய்வு செய்பவரும் அந்தத் தொகுப்பைத் தொடாமல் நகர முடியாது. 1938 முதல் 1944 வரை கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு வெளிவந்தது. ஒரு சிறு சமஸ்தானம் தன் மண்ணைப் பற்றித் தானே இவ்வளவு அச்சிட்டு வைத்தது அரிய செயல். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வரலாறு படிப்பவர், தம் நூலகத்தில் இவை இல்லாவிட்டால் வேறு நூலகத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும். நூலகங்களுக்கிடையேயான இரவல் என்பதன் பொருள் இதுதான்.

அந்த ஏற்பாட்டுக்கு அறிவுப்பூர்வமான அடித்தளம் இட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பி, இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் உழைத்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். நூலகத்தின் ஐந்து விதிகளை 1931-ல் நூலாகத் தந்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால், அந்த வாசகர் எந்த ஊரில் இருந்தாலும் நூல் அவரைச் சென்றடைய வழி செய்தாக வேண்டும். பகிர்வுக்கு இதைவிட வலுவான நியாயம் வேறில்லை. 1948 நமக்கு இரட்டை முக்கியத்துவம் உள்ள ஆண்டு. மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

எந்த நூல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரவல் கேட்க முடியாது. ஆகவே ஐம்பதுகளில் கூட்டுப் பட்டியல்களுக்கு முதலிடம் தரப்பட்டது. தெற்காசிய நூலகங்களில் உள்ள ஆய்விதழ்களின் கூட்டுப் பட்டியலை ரங்கநாதன் உள்ளிட்டோர் உழைத்து 1953-ல் கொண்டுவந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் டெல்லியில் யுனெஸ்கோ உதவியோடு இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையம் நிறுவப்பட்டது. ஆய்விதழ்க் கட்டுரைகளின் படிகளை எடுத்துக் கேட்டவர்களுக்கு அனுப்புவது அதன் பணிகளில் ஒன்றாக இருந்தது. வெளிநாட்டிலும் இதே தேவை உணரப்பட்டது: 1962-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், இரவல் கொடுப்பதற்கென்றே அறிவியல் நூலகம் ஒன்று திறக்கப்பட்டது.

அந்தக் காலத்து இரவல் எவ்வளவு பொறுமையைக் கேட்டது என்பதை இளைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும். ஆய்வாளர் முதலில் தம் நூலகரிடம் விண்ணப்பம் தருவார். ஆசிரியர் பெயர், நூலின் தலைப்பு, பதிப்பு, ஆண்டு, கட்டுரையானால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். ஓர் எண் மாறினாலும் கடிதம் திரும்பி வரும். நூல் இருக்கும் இடம் தெரிந்தால் நூலகர் அலுவல் முத்திரையோடு எழுதுவார். அங்கே கார்டு கேட்டலாக்கில் தேடி, அலமாரியிலிருந்து எடுத்து, பதிவேட்டில் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். வந்த நூலை வீட்டுக்குத் தர மாட்டார்கள். நூலகத்திலேயே அமர்ந்து கையால் குறிப்பெடுக்க வேண்டும். கெடு நாளுக்குள் தாளில் சுற்றி, சணல் கட்டி, திருப்பி அனுப்புவதும் நூலகரின் பொறுப்பு. நூல் தொலைந்தாலோ கிழிந்தாலோ பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கேட்டது தம் வாசகருக்காக, பொறுப்பு தமக்கு என்று ஏற்றுக்கொண்ட அந்த நூலகர்களின் பெயர்கள் எந்த ஆய்வேட்டின் அட்டையிலும் இல்லை. அந்த உழைப்பு இல்லாமல் பல ஆய்வேடுகள் முடிந்திருக்க மாட்டா.

1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. எண்பதுகள் நம்மைச் சுற்றிலும் பல்கலைக்கழகங்களை எழுப்பின. 1981-ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், 1985-ல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம். நம் கல்லூரிகள் பாரதிதாசனோடு இணைந்தன. மூன்று நூலகங்களும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் அமைந்தது நம் ஆய்வாளர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

அதே காலத்தில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் தனிமனிதத் தியாகம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர் பா. கிருஷ்ணமூர்த்தி அவர்களும் அவர் துணைவியார் பேராசிரியர் டோரதி அவர்களும் தம் வருமானத்தைப் போட்டுச் சேர்த்ததுதான் ஞானாலயா ஆய்வு நூலகம். நகைக்கும் நிலத்துக்கும் போக வேண்டிய பணம் பழைய இதழ்களுக்கும் முதற்பதிப்புகளுக்கும் போனது. பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்காத ஒரு தமிழ் முதற்பதிப்பைத் தேடி, வெளியூர் ஆய்வாளர்கள் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் ஒரு குடும்பத்திடம் வந்து பெற்றுச் செல்லும் பகிர்வும் உலகில் உண்டு என்பதற்கு நம் ஊர் சான்று.

நம் எல்லைக்கு அப்பால், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியாரும் இதே வேள்வியை நடத்தினார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994-ல் சென்னையில் நூலகமாக அமைந்து, நுண்படச் சுருள்களாகவே சிகாகோவோடு பகிரப்பட்டன. மூலம் இம்மண்ணில், படி அங்கே என்ற அந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இதற்கிடையே கணினி வந்துவிட்டது. 1988-ல் டெல்லியில் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு தொடங்கியது. 1991-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்லிப்நெட் திட்டம் பிறந்து, 1996-ல் தனி மையமானது. பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியல்கள் ஒரே திரையில் தெரியத் தொடங்கின. 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த மின் நூலகக் கூட்டமைப்பு, மின்னிதழ்களைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுவந்தது. கல்லூரிகளுக்கு அந்தக் கதவைத் திறந்தது 2010-ன் என்-லிஸ்ட் திட்டம். ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டின் விதியால் ஷோத்கங்கா களஞ்சியம் நிறைந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அதில் உள்ளன. ஒருகாலத்தில் நேரில் போய்ப் புரட்ட வேண்டியிருந்த ஆய்வேட்டை, நம் மாவட்டத்துக் கறம்பக்குடியில் இருந்தபடியே ஒரு மாணவி இன்று திறந்து படிக்கிறார்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 2025 ஜனவரி முதல் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துள்ளன. பெருநகரப் பல்கலைக்கழகத்து மாணவர் பார்க்கும் அதே ஆய்விதழின் அதே பக்கத்தை அரசுக் கல்லூரி மாணவரும் பார்க்க இனித் தடையில்லை. முதலாண்டு ஆய்வு மாணவர்களை அழைத்து உட்காரவைத்து, அதில் உள்நுழைந்து தேடக் கற்றுக்கொடுக்கும் பணியும் நூலகர்களிடமே வந்திருக்கிறது.