பாராமகாலின் பட்டாவும் ஓசூரின் மனையும்

ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ முதன்முறையாக நிலத்தில் பணம் போட வருபவரிடம் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், மனைப்பிரிவு ஒப்புதல் எனப் பல தாள்கள் நீட்டப்படுகின்றன. இவையெல்லாம் வாங்குபவரின் பாதுகாப்புக்காகவே எழுந்தவை போலத் தோன்றினாலும், வரி வசூலுக்காகவும், பாளையங்களை ஒழிப்பதற்காகவும், நகர வளர்ச்சியை ஒழுங்கு செய்வதற்காகவும் வெவ்வேறு அரசுகள் வெவ்வேறு காலங்களில் உண்டாக்கியவை இவை. ஒவ்வொன்றும் பிறந்த காரணத்தை அறிந்தால்தான் அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்பது விளங்கும். அந்த வகையில் கர்நாடகத்தை ஒட்டிய இந்தப் பகுதியின் வரலாறு புதிய முதலீட்டாளருக்கு ஒரு நல்ல பாடநூல்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியோ 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். நில வரலாற்றில் இதைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. மலைத்தொடருக்குக் கீழே கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால், திப்பு சுல்தானோடு 1792இல் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மேட்டுநிலத்தில் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பாக அமைந்த ஓசூர்ப் பகுதி, 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே வந்து சேர்ந்தது. கீழ்ப்பகுதியின் ஆட்சியராக அமர்த்தப்பட்ட காப்டன் அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ உள்ளிட்ட உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராக நிலத்தை அளந்து, மண்ணின் தரத்துக்கேற்பத் தீர்வை விதித்தார். இடைத்தரகர் இல்லாமல் உழுபவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்து, மன்றோ சென்னை ஆளுநரான 1820க்குப் பின் மாகாணம் முழுதும் பரவியது. பட்டா என்ற தாளுக்கு இன்றுள்ள முக்கியத்துவத்துக்கு வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது: இன்ன புலத்துக்கு இன்னார் இவ்வளவு தீர்வை கட்டவேண்டியவர் என்று அரசு எழுதிக் கொடுத்த குறிப்பே பட்டா. ஆகவேதான் பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன.

ரீட் வகுத்த முறை தடையில்லாமல் தொடரவில்லை. 1802ஐ ஒட்டிச் சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி மிட்டா எனப்படும் சிறு சிறு பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டு, நிலையான வரிக்கு ஏலத்தில் விடப்பட்டது. மிட்டாதாரர்களில் பலர் வரி பாக்கியில் சிக்கி மிட்டாவை இழந்தனர். மேட்டுநிலத்தில் பாகலூர், பேரிகை, சூளகிரி ஆகிய ஊர்களின் பாளையக்காரர்கள் தனியாக நீடித்தனர். பண்ணைகளும் பாளையங்களும் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தாலும், கோவில், மடம், ஊழியம் முதலியவற்றுக்காக வரிநீக்கி விடப்பட்ட இனாம் நிலங்கள் 1963இல் வந்த சட்டங்களாலும் ரயத்துவாரி நிலங்களாக மாறின. இத்தகைய நிலத்தின் தாய்ப்பத்திரத்தைத் தேடிச் செல்பவர், அது ஒரு கிரயப் பத்திரத்தில் தொடங்காமல் நிலவரித் திட்ட அதிகாரியின் உத்தரவில் தொடங்குவதைக் காணலாம். அந்த உத்தரவு இல்லாவிட்டால் அதற்குப் பின் எழுதப்பட்ட பத்து கிரயங்களுக்கும் அடித்தளம் இல்லை.

புல எண்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. 45 என்ற எண் கொண்ட ஒரு புன்செய், அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததும் 45/1, 45/2 ஆகிறது. அதில் ஒருவர் பாதியை விற்றதும் 45/1அ என்றும் 45/1ஆ என்றும் பிரிகிறது. பேரப்பிள்ளைகள் காலத்தில் 45/1அ2 என்ற துண்டு பிறக்கிறது. கல் நட்ட எல்லைகளையும் அவற்றின் அளவுகளையும் காட்டும் புலப்படத்தில் இந்த உட்பிரிவு ஏறாமல், பத்திரத்தில் மட்டும் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வழக்கில் யூ.டி.ஆர்., இத்தகைய பிசகுகளைச் சரிசெய்யவே வந்தது. ஆனால் பழைய ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாற்றிப் பெயர்களைப் புதிதாக எழுதிய அந்தப் பெரும்பணியிலேயே புதிய பிழைகளும் புகுந்தன. ஒருவர் பெயர் விடுபட்டு அடுத்தவர் பெயர் ஏறியதால் எழுந்த வழக்குகள் மாநிலமெங்கும் இன்னும் ஓயவில்லை. கணினியில் எடுத்த பட்டாவைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடும் புதியவர், அதற்கு முந்தைய பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பதிவேட்டில் கவனிக்க வேண்டிய இன்னொரு குறிப்பு உண்டு. அதைச் சந்தையில் யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒப்படைக்க அரசு 1892இல் ஆணையிட்டது. இவையே பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு இவ்வகை நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. நிபந்தனையை மீறிய கிரயம் எத்தனை கை மாறினாலும் செல்லாது. இந்த நிலங்கள் கைமாறிப் போனது வெறும் பத்திரக் கோளாறு ஆகாது. ஒரு சமூகத்துக்குத் தரப்பட்ட சிறு பிடிமானமும் பறிபோன அநீதி அது. விலை மலிவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர் அந்த அநீதியில் பங்காளி ஆகிறார்.

வேளாண்மை நிலத்துக்கு ஆலை விலை வந்த கதை 1970களில் தொடங்குகிறது. 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட், தொழிலில் பின்தங்கிய தருமபுரி மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் 1980இல் வந்தன. டாட்டா குழுமமும் மாநில அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டனின் கைக்கடிகார ஆலை அடுத்து வந்தது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த புன்செய்க்காட்டில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியதும் வாடகை வீட்டுக்கும் மனைக்கும் தேவை பிறந்தது.

இந்த இடத்தில் ஒரு சட்ட நுணுக்கத்தை நின்று பார்க்க வேண்டும். அன்று நிலம் எடுக்கப் பயன்பட்ட 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், முதல் அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பையே ஈடாகக் கொடுக்கச் சொன்னது. எந்தத் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்தத் திட்டத்தால் உயரப்போகும் மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விலக்கியது. ஆலைக்கு நிலம் கொடுத்த விவசாயிக்குக் கேழ்வரகுக் காட்டின் விலை. அவருடைய வரப்புக்கு அப்பால், எடுப்பில் விழாத அடுத்த புல எண்ணுக்குச் சொந்தக்காரருக்கு ஆலையடி மனையின் விலை. ஓசூரின் நிலச் சந்தை பெருத்தது இந்த இடைவெளியில்தான். அரசு இழுத்த கோட்டால் பிறந்த ஏற்றம், கோட்டுக்கு உள்ளே இழந்தவரைச் சேராமல் வெளியே காத்திருந்தவரைச் சேர்ந்தது. பேட்டைக்குள் தொழில்மனை பெற்ற நிறுவனமும் அதைக் கிரயமாக வாங்கவில்லை, நீண்டகாலக் குத்தகையாகவே பெற்றது. இந்த வேறுபாடு தெரியாமல் சிப்காட் மனையைச் சொந்த நிலம்போல எண்ணிக்கொள்பவர் இன்றும் உண்டு.

இரண்டாவது கோடு மாநில எல்லை. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம், வேளாண்மை அல்லாத வருமானம் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் உள்ளவர் விளைநிலம் வாங்குவதைத் தடுத்தது. 2015இல் அந்த வரம்பு 25 லட்சம் ரூபாயாக உயர்ந்து, 2020இல் தடையே நீங்கியது. தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இருந்ததில்லை. 1961இல் 30 தரநிலை ஏக்கராக வைத்து 1970இல் 15 ஆகக் குறைத்த நில உச்சவரம்பு மட்டுமே இருந்தது. அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைந்தால், பெங்களூரில் சம்பளம் வாங்குபவரும் தளி, கெலமங்கலம் பக்கம் தோட்டம் வாங்க முடிந்தது. எலக்ட்ரானிக் சிட்டி வளர வளர இந்த வரத்தும் பெருகியது. சந்தையின் பேச்சுமொழியில் இதன் தடம் பதிந்திருக்கிறது: ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கான சென்ட்டோடு, நாற்பதில் ஒரு பங்கான கன்னடத்துக் குண்டாவும் புழங்குகிறது, மனை ‘சைட்’ ஆகி, பெங்களூரின் முப்பதுக்கு நாற்பது என்ற 1,200 சதுர அடி அளவே இங்கும் வழக்கமாகிவிட்டது.

மனை என்றாலே மனைப்பிரிவு ஒப்புதலின் கதையைச் சொல்லாமல் முடியாது. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971லேயே வந்துவிட்டது. ஆனாலும் புன்செய்யில் செம்மண் சாலை போட்டு, வெள்ளையடித்த கல் நட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி, ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி விற்ற மனைகள் கணக்கில்லாமல் பெருகின. சாலையும் பூங்காவும் வரைபடத்தில் மட்டுமே இருந்ததால், சில ஆண்டுகள் கழித்துப் பூங்கா இடமே மனையாக விற்கப்பட்டதும் பல ஊர்களில் நடந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது, சந்தை ஸ்தம்பித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20ஐ எல்லை நாளாக வைத்து, அதற்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. அதே ஆண்டில் நிலம், கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமும் மாநிலத்தில் அமைந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை அதில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது என்றானது. இன்று ஒரு மனையைக் காட்டி வரன்முறை ஆனது என்று சொல்வதும் ஒப்புதல் பெற்றது என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னது பழைய தவற்றுக்கு அரசு கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த ஏற்பு, பின்னது சாலையும் பொது இடமும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்ட பிறகு கிடைப்பது.

சார்பதிவாளர் அலுவலகத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அங்கே பதிவாவது ஆவணமே. விற்பவருக்கு உரிமை இருந்தது என்ற உறுதி அதனோடு வருவதில்லை. வில்லங்கச் சான்று என்பது, குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவாகாத ஒப்பந்தமோ, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பாகவழக்கோ, விடுபட்ட வாரிசோ அதில் தெரியாமலும் போகலாம். அவற்றைக் கண்டுபிடிக்கவே வழக்கறிஞர்கள் முப்பது ஆண்டுத் தொடர்ச்சியைக் கேட்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரத்தை, பேச்சுவழக்கில் ‘பவர்’, கையில் கொடுத்துவிட்டு விற்பனை முடிந்ததாகச் சொல்லும் பழக்கத்துக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது: அதனால் உரிமை மாறாது.

இன்றைய அலை 2021இல் எழுந்தது. போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ், சூளகிரியிலும் குருபரப்பள்ளியிலும் புதிய சிப்காட் பேட்டைகள் என அடுத்தடுத்து வந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோ பொம்மசந்திராவை எட்டியது. அது ஓசூர் வரை நீள்வது இன்னும் ஏட்டளவில் இருக்கிறது. 2024 ஜூன் 27 அன்று, 2,000 ஏக்கரில் ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தம், அதிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் வேறொரு புதிய நிலையம் 2033 வரை இயங்குவதைத் தடுக்கிறது. ஆனால் மனை விளம்பரங்களில் அந்த ஆண்டு இடம்பெறுவதில்லை.

புதியவர் வாங்கும் மனை அந்தத் திட்டக் கோட்டுக்கு வெளியே விழுமா, உள்ளே விழுமா என்பது அறிவிக்கை வரும் நாளில்தான் தெரியும்; வந்த பிறகு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. 1894இன் அநீதியைக் குறைக்க வந்த அந்தச் சட்டம், முந்தைய மூன்றாண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரியையும் ஈட்டுக்கு ஓர் அளவுகோலாக வைத்தது. ஆனால் முழு விலையை எழுதாமல், அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டி மீதியை ரொக்கமாகக் கைமாற்றும் வழக்கம் இங்கு நெடுநாளாக வேரூன்றியது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணமும் மிச்சமாகும் என்று தோட்டத்தையோ மனையையோ வாங்குபவர் குறைத்து எழுதும் தொகை, மூன்றாண்டுக்குள் அறிவிக்கை வந்தால், பக்கத்துப் புல எண்ணில் கேழ்வரகு விதைத்திருக்கும் விவசாயியின் ஈட்டுக் கணக்கில் சான்றாக ஏறி நிற்கிறது.