கறுப்பாக நின்ற வண்டலைக் கொட்டாத பையன்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் அண்ணன் பேத்தி போன் செய்தாள். எம்.எஸ்சி. வேதியியல் இறுதி ஆண்டு. "சின்ன தாத்தா, நாலு மாசமா ஒரு சேர்மம் தயாரிக்கப் பார்க்கிறேன். வர வேண்டியது வரல. குடுவை அடியில தார் மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டு நிக்குது. ப்ராஜெக்ட் அவ்வளவுதான்" என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. அவள் செய்யும் வேதியியல் எனக்குப் பிடிபடாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சரித்திரத்தைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

லண்டனில் 1838-இல் பிறந்தவர் வில்லியம் ஹென்றி பெர்கின். அப்பா மரவேலையும் கட்டட வேலையும் செய்தவர். மகன் கட்டடக் கலைஞனாக வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் படித்த பள்ளியில் தாமஸ் ஹால் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். வேதியியலுக்குப் பாடவேளை கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதை நடத்துவார். பெர்கின் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருவான். அப்பாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவரும் அந்த ஆசிரியர்தான். 1853-இல், 15 வயதில், லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் ஹோஃப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியரிடம் பெர்கின் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு மருந்து குயினின். அது தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. (1860-களில்தான் நம் நீலகிரியில் அந்த மரத்தை நட்டார்கள். நடுவட்டம் பக்கம் சுற்றுலா போனபோது உங்களில் சிலருக்குக் காட்டியிருக்கிறேன்.) கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு குயினினைச் செயற்கையாகத் தயாரிக்க முடிந்தால் எவ்வளவு நல்லது என்று ஹோஃப்மன் எழுதியிருந்தார். அதை மாணவன் மனதில் போட்டுக்கொண்டான்.

1856 ஈஸ்டர் விடுமுறை. பெர்கினுக்கு 18 வயது. வீட்டிலேயே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அவர் போட்ட கணக்கு இது. அல்லைல் டொலுயிடினில் 10 கார்பன், 13 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன். இரண்டு மூலக்கூறைச் சேர்த்து, ஆக்சிஜன் ஏற்றி, ஒரு தண்ணீர் மூலக்கூறை நீக்கினால் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். குயினினின் கணக்கும் அதுவேதான்!

கணக்கு சரி, வேதியியல் தவறு. ஒரே எண்ணிக்கைப் புள்ளியை வைத்து எத்தனை விதமாகக் கோலம் போடலாம் என்று உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது, இணைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அன்று அந்த இணைப்பு யாருக்கும் தெரியாது. குயினினின் அமைப்பு தெளிவானது 1908-இல், பெர்கின் இறந்த மறு வருடம். அதைச் செயற்கையாக உருவாக்க 1944-இல்தான் வுட்வர்டும் டோரிங்கும் ஒரு பாதையைக் காட்டினார்கள்.

பெர்கினுக்குக் கிடைத்தது செம்பழுப்புத் தூள். அவர் விடவில்லை. இதைவிட எளிய பொருளை எடுத்துப் பார்ப்போம் என்று அனிலினை எடுத்தார். பொட்டாசியம் டைகுரோமேட் சேர்த்தார். இந்தத் தடவை கறுப்பு வண்டல். அதைக் கொட்டாமல் காயவைத்து ஆல்கஹாலில் கரைத்தார். அழகான ஊதா நிறம் இறங்கியது. பட்டுத் துணியை நனைத்தார். துவைத்தும் போகவில்லை, வெயிலிலும் வெளுக்கவில்லை. அவர் வைத்திருந்த அனிலின் சுத்தமானதும் அல்ல. அதில் கலந்திருந்த டொலுயிடினும் சேர்ந்துதான் அந்த நிறத்தைக் கொடுத்தது.

ஸ்காட்லாந்தில் பெர்த் ஊரில் சாயத் தொழில் செய்த புல்லர் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினார். நல்ல பதில் வந்தது. ஆகஸ்ட் 1856-இல் காப்புரிமை. படிப்பை விடுகிறேன் என்றபோது ஹோஃப்மனுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவோ சேமிப்பைப் போட்டார், அண்ணன் தாமஸும் சேர்ந்தார். 1857-இல் கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலை தொடங்கினார்கள். 'மாவ்' என்ற அந்த நிறத்தை 1858-இல் மகள் திருமணத்துக்கு விக்டோரியா மகாராணியே உடுத்தினார்.

நன்மையை மட்டும் சொல்லி முடித்தால் நியாயம் ஆகாது. நம் சோழமண்டலக் கடற்கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றியது சாயவேர். அதன் நிறத்துக்குக் காரணம் அலிசரின். 1869-இல் பெர்கினும் ஜெர்மானியரும் ஒருநாள் இடைவெளியில் செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை கேட்டார்கள். மலிவான செயற்கைச் சாயம் வந்தபின் சாயவேர்த் தொழில் நலிந்தது. ஒரு மாணவன் தொடங்கி வைத்த மாற்றம் மண்ணில் வேர் தோண்டியவர்களின் வயிற்றையும் தொட்டது.

36 வயதில் தொழிற்சாலையை விற்றுவிட்டு பெர்கின் ஆராய்ச்சிக்கே திரும்பினார்.

இப்போது என் கதை. முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். எட்டாம் வகுப்பில் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவப்பாகும் என்று காட்டினேன். மறுநாள் ஒரு பையன் சீசாவில் செம்பருத்திச் சாறு கொண்டுவந்தான். "சார், இதுல சோப்பு போட்டா பச்சையாகுது, ஏன் சார்?" என்றான். பரீட்சைக்கு முன் பாடத்தை முடிக்கும் அவசரம் எனக்கு. "புத்தகத்துல இருக்கறதைச் செய்டா" என்று சீசாவை வாங்கி ஜன்னல் வழியே கொட்டினேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. அவன் இதைப் படித்தால், தம்பி, தப்பு என்னுடையது. பச்சையாக மாறியது சரிதான். சோப்பு காரம். செம்பருத்தி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

பேத்தியிடம் சொன்னது இவ்வளவுதான். "அந்தத் தாரைக் கொட்டாதே. என்ன செய்தாய், என்ன வந்தது என்று அப்படியே நோட்டில் எழுது. மறைக்காமல் உன் பேராசிரியரிடம் காட்டு." நேற்று பேசினாள். அது என்னவென்று சோதிக்கப் பேராசிரியர் சொல்லியிருக்கிறாராம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பரவாயில்லை. குரலில் அழுகை இல்லை.

உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சீசாவோடு வந்தால், பாடம் பாக்கி இருந்தாலும், ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்