கிழிந்த காகிதக் கூம்பிலிருந்து முழுவீச்சு ஒலிபெருக்கி வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் கிதார் வாசிக்கிறார். டிஜிட்டல் மாடலர் ஒன்று வாங்கிவிட்டாராம். அதாவது, பல ஆம்பிளிஃபையர்களின் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் சிறிய கணினிப் பெட்டி. "இதற்கு எந்த ஸ்பீக்கர் சார் வாங்குவது? கடையில் எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்கிறார்கள், இரண்டாயிரம் வாட்ஸ் என்கிறார்கள். விலை ஒரு மாதச் சம்பளம். நீங்கள்தான் எதையும் முதலிலிருந்து சொல்வீர்களே, சொல்லுங்கள்" என்று கேட்டார். என் பேரனுக்கும் இதே ஆசை இருப்பதால் சில மாதங்களாக நானும் இதைப் பற்றிப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலிலிருந்தே சொல்கிறேன். முதல் என்றால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

இன்று நாம் ஸ்பீக்கர் என்று சொல்லும் பொருள் 1925-ல் உருப்பெற்றது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள், காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு என்று அமைத்தார்கள். சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடி, காற்றைத் தள்ளும். ஆறாம் வகுப்பில் நாம் செய்து பார்த்த மின்காந்தம்தான், வேறொன்றும் இல்லை. இதில் ஒரு சங்கடம் உண்டு. கூம்பு பெரிதாக இருந்தால்தான் கனத்த ஒலி வரும். ஆனால் பெரிய கூம்பு வினாடிக்குப் பத்தாயிரம் முறை ஆட மறுக்கும். பெரிய கதவைச் சட்டென்று திறந்து மூடிப் பாருங்கள், புரியும். 12 அங்குலக் கிதார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகப் பேசும். அதற்கு மேல் அதன் குரல் சடாரென்று இறங்கிவிடும். மனிதக் காதோ 20 முதல் 20,000 வரை கேட்கும். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

1930 வாக்கில் அமெரிக்க நடனக் குழுக்களில் எக்காளமும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது பாவம், கிதார் யார் காதிலும் விழாது. ஜார்ஜ் போஷம் என்ற கிதார் கலைஞர், ரிக்கன்பாக்கர் என்பவரோடு சேர்ந்து 1931, 32-ல் வாணலி போலவே இருக்கும் ஒரு மின்கிதாரைக் கொண்டுவந்தார். அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். காப்புரிமை கிடைத்தது 1937-ல்தான். அந்த மின்கிதாரை ஒலிக்கச் செய்ய இருந்தவை அன்றைய வானொலிப் பெட்டிகளின் வால்வுகளும் ஸ்பீக்கர்களும்தான். கிதாருக்கு என்று யாரும் திட்டமிட்டுச் செய்த ஸ்பீக்கர் அல்ல அது. கைக்குக் கிடைத்ததை மாட்டினார்கள்.

அடுத்து வருகிறவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது! அவர் 1952-ல் பேஸ் கிதாருக்காக 'பாஸ்மேன்' என்ற ஆம்பை வெளியிட்டார். முதலில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களாக மாறியது. பேஸ் வாசிப்பவர்களைவிடக் கிதார்காரர்கள்தான் அதை அள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசை. 1951-ல் மெம்ஃபிஸ் நகரில் ஐக் டர்னர் குழு 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யப் போனது. வழியில் ஆம்ப் கெட்டுப்போனது. கீழே விழுந்தது என்பார்கள் சிலர், மழையில் நனைந்தது என்பார்கள் சிலர். ஒலிப்பதிவுக் கூடத்தில் சாம் ஃபிலிப்ஸ் புதிய ஆம்பைத் தேடி ஓடவில்லை. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, வந்த கரகரப்பை அப்படியே பதிவு செய்தார். 1958-ல் லிங்க் ரே பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டு 'ரம்பிள்' என்ற இசையை வாசித்தார். அதில் பாட்டு வரியே கிடையாது. இருந்தும் சில வானொலி நிலையங்கள் அதைத் தடை செய்தன! வெறும் ஒலிக்கே பயந்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ், அப்போது 17 வயதுப் பையன், ஒரு சின்ன ஆம்பின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கிழித்தார். கிங்க்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாட்டுக்கு அந்தக் கிழிசல்தான் குரல் கொடுத்தது. எங்கள் வீட்டுப் பையன் அப்படிச் செய்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்போம்.

பொறியாளர்கள் குறை என்று ஒதுக்கியதை இளைஞர்கள் அழகு என்று எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பின்னால் அறிவியலும் இருக்கிறது. கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மெல்லிய கம்பியில் 24-ஆம் கட்டில் விரல் வைத்தாலும் அடிப்படைச் சுருதி சுமார் 1,319 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே இருப்பவை எல்லாம் துணைச் சுருதிகள். ஆம்பை அளவுக்கு மீறி முடுக்கும்போது இந்தத் துணைச் சுருதிகள் கூட்டமாகப் பெருகும். அப்படியே கேட்டால் குளவிக்கூட்டைக் கலைத்தது போல இருக்கும். 5,000-க்கு மேல் பேசத் தெரியாத அந்தக் காகிதக் கூம்பு, குளவிகளை வெளியே விடாமல் மென்மையான முழக்கத்தை மட்டும் விடுகிறது. ஆகவே மின்கிதாரில் ஸ்பீக்கர் பாதி வாத்தியம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

1962-ல் லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் (இவரும் கிதார்காரர் அல்ல, டிரம்ஸ் ஆசிரியர், ஆசிரியர் என்பதால் எனக்குத் தனிப் பாசம்) பாஸ்மேனின் சுற்றைப் பார்த்துத் தம் ஆம்பைச் செய்வித்தார். அமெரிக்க ஆம்ப்கள் இங்கிலாந்தில் யானை விலை. ஸ்பீக்கர் உள்ளூர் செலஷன் நிறுவனத்தின் 12 அங்குலம், பெட்டிக்கு நான்கு. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று 100 வாட்ஸும், எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டியும் கேட்டார். தூக்கும் தொழிலாளர்கள் முடியாது என்றதால் அது இரண்டு பெட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டது. மேடைகளில் நாம் பார்க்கும் அந்தக் கறுப்புச் சுவர் அப்படி வந்ததுதான். டவுன்ஷெண்ட் பிற்காலத்தில் தம் காது கெட்டுப்போனதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பாதை திரையரங்கில் தொடங்கியது. பேசும்படம் வந்த புதிதில் அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. எம்.ஜி.எம். நிறுவனத்தின் டக்ளஸ் ஷியரர் குழு 1936 வாக்கில் கனத்த ஒலிக்குப் பெரிய பெட்டி, மெல்லிய ஒலிக்குத் தனிக் குழாய் என்று இரண்டாகப் பிரித்து அமைத்தது. இந்தப் பரம்பரையின் குறிக்கோள் ஒன்றே: உள்ளே போனதை அப்படியே வெளியே சொல்ல வேண்டும், தன் குரலைக் கலக்கக் கூடாது. நம் ஊர் மைக்செட்காரர்களின் பெரிய பெட்டிகள் இந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளைகள். (கோயில் கொடைக்குக் கட்டும் கூம்புக்குழாயைச் சேர்க்காதீர்கள், அது நடுச் சுருதியை மட்டும் கத்துவது.) 1995-ல் ஜே.பி.எல். நிறுவனத்தின் இயான், 1999-ல் மேக்கி நிறுவனத்தின் எஸ்.ஆர்.எம். 450 ஆகியவை, ஆம்பிளிஃபையரையும் உள்ளேயே வைத்துப் பிளாஸ்டிக் பெட்டியில் வந்து உலகமெங்கும் பரவின. மாணவர் கேட்கும் பெட்டியின் தாத்தா இவைதான்.

இந்த இரண்டு பாதைகளும் சந்திக்கக் கணினி தேவைப்பட்டது. 1982-ல் பாஸ்டன் குழுவின் டாம் ஷால்ஸ் 'ராக்மேன்' என்ற கையடக்கப் பெட்டியையும், 1989-ல் டெக் 21 நிறுவனம் 'சான்ஸ்ஆம்ப்' கருவியையும் கொண்டுவந்தன. அவை சாதாரண மின்சுற்றுகள். 1995-ல் ரோலண்ட் வி.ஜி. 8, 1998-ல் சிவப்பு அவரைவிதை போன்ற லைன் 6 'பாட்', 2006-ல் ஃபிராக்டல் ஆக்ஸ்-எஃப்.எக்ஸ்., 2011-ல் ஜெர்மனியின் கெம்பர் என்று எண்முறை வளர்ந்துகொண்டே போனது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்பது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ஒரு கைதட்டினால் ஒரு எதிரொலி வரும் அல்லவா? அது அந்தக் கிணற்றின் கைரேகை. அந்தக் கைரேகையைப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் குரலையும் கணக்குப் போட்டு அந்தக் கிணற்றுக்குள்ளிருந்து பேச வைக்கலாம். அதே போல மார்ஷல் பெட்டிக்குள் ஒரு குறிப்பொலியைச் செலுத்தி, மைக் வைத்து, அதன் கைரேகையைப் பிடிக்கிறார்கள். கவனியுங்கள், பிடிபடுவது பெட்டி மட்டும் அல்ல. மைக்கும், மைக் வைத்த இடமும் சேர்ந்தே பிடிபடுகின்றன. அதனால்தான் மாடலரின் ஒலி இசைத்தட்டில் கேட்பது போல இருக்கிறது. அறையில் ஆம்ப் பக்கத்தில் நிற்பது போல இல்லை. புதிதாக வாங்குகிற பலரின் ஏமாற்றத்துக்கு ஸ்பீக்கர் காரணம் அல்ல, இதுதான் காரணம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மாடலர் ஏற்கெனவே காகிதக் கூம்பின் குரலைப் போட்டுத்தான் அனுப்புகிறது. அதைப் பழைய கிதார் ஸ்பீக்கரில் செலுத்தினால் ஒரே வடிகட்டியில் இரண்டு முறை வடித்த காப்பி மாதிரி, சாரம் போய் மந்தமாக இருக்கும். ஆகவே தன் குரலைக் கலக்காத, முழுவீச்சில் சீராகப் பேசும் பெட்டி தேவை. எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்ற நான்கெழுத்துக்குப் பொருள் அவ்வளவுதான். முற்றிலும் சீரான ஸ்பீக்கர் உலகத்தில் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிறுவனப் பெட்டிகளில் ஒரே மாடலரைச் செருகினால் இரண்டு விதமாகத்தான் கேட்கும்.

வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். இரண்டாயிரம் என்று அட்டையில் போடுவது பெரும்பாலும் ஒரு நொடி உச்சத்தின் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதியோ, அதற்கும் குறைவோ. தவிர, வாட்ஸைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகத் தோன்றும். நூறு வாட்ஸுக்கும் ஆயிரம் வாட்ஸுக்கும் வித்தியாசம் அவ்வளவே. எத்தனை டெசிபல் என்று கேள், அதையும் சந்தேகத்தோடு கேள்.

அதைவிட முக்கியம், யார் காதுக்காக வாங்குகிறாய் என்பது. அரங்கத்துக்கு மைக்செட் இருக்கிறது, மாடலரிலிருந்து நேராக ஒரு வயர் அங்கே போகும் என்றால், மேடையில் உன் காலடியில் இருப்பது உனக்கு மட்டும்தான். அதற்கு ஒரு மாதச் சம்பளம் எதற்கு? மைக்செட் இல்லாத சின்ன இடங்களில், டிரம்ஸ்காரர் பக்கத்தில் நின்று வாசிப்பவனுக்குத்தான் வலுவான 12 அங்குலப் பெட்டி தேவை. தரையில் வைத்தால் கனத்த ஒலி தேவைக்கு மேல் பெருகும் என்பதால், சாய்த்தோ, உயர்த்தியோ, ஹாரன் காதைப் பார்த்து இருக்கும்படி வைக்க வேண்டும்.

இன்னொன்று. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் கண்டு சொன்னது: சத்தம் குறைவாக இருக்கும்போது கனத்த ஒலியும் மிக மெல்லிய ஒலியும் நம் காதில் சரியாக விழாது. வீட்டில் இரவு நேரத்தில், அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து மெதுவாக வைத்து ஒலியைச் சரிசெய்பவன் அந்த இரண்டையும் தாராளமாகக் கூட்டி வைப்பான். மேடைக்குப் போய்ச் சத்தத்தை ஏற்றியதும் ஒன்று வயிற்றை இடிக்கும், இன்னொன்று காதைக் குத்தும். உடனே பெட்டி சரியில்லை என்று விற்கப் பார்ப்பான். மேடைச் சத்தத்திலேயே சரிசெய்தால் தீர்ந்தது.

அந்தச் சத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இந்தப் பெட்டிகள் 120-ஐச் சாதாரணமாகத் தாண்டும். காதுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது. பேரனுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மற்றதைப் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக ஒரு வேடிக்கை. 2023-ல் அதே ஃபெண்டர் நிறுவனம் எஃப்.ஆர். 10, எஃப்.ஆர். 12 என்று மாடலர்களுக்கான முழுவீச்சுப் பெட்டிகளை வெளியிட்டது. பார்வைக்குப் பழைய ஆம்ப் மாதிரியே துணி போர்த்தி இருக்கும். அதில் உச்ச ஒலியை வெட்டுவதற்கென்றே ஒரு குமிழ்! பாஸ்மேனில் காகிதக் கூம்புகள் சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இப்போது குமிழ் வைத்துச் செய்கிறார்கள். தம்பி, கடைக்குப் போகும்போது உன் மாடலரையும் கிதாரையும் கையோடு எடுத்துப் போ. எந்தப் பெட்டியானாலும் உச்ச ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாசித்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, அரை மணி நேரமாவது வாசி.