பக்க வடிவமைப்புக் கோப்புகளைக் குறிமொழிக்கு மாற்றுதல்

பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் அச்சுக்காக உருவான கோப்புகளை, தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு முதலிய கூறுகள் அடையாளமிடப்பட்ட எக்ஸ்எம்எல் வடிவுக்கு மாற்றும் பணி. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு இப்பணியைச் செய்துதரும் முக்கிய மையங்களுள் சென்னையும் ஒன்று.

குறியாக்கம்: தமிழ்க் கோப்புகளில் இதுவே முதல் சிக்கல். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் தமிழ்க் குறியாக்கத் தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. டாம் எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை மெய்க்கு முன்னால் பதிவாகும். யூனிகோடில் மெய்க்குப் பின்னரே வரும். ஆகவே குறியீட்டை மாற்றுவதோடு வரிசையையும் திருத்த வேண்டும். எழுத்துருவின் பெயரைக் கவனிக்காத கருவி, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களைச் சிதைத்துவிடும்.

கருவித் தேர்வு: பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 (2001). அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்4 முதல் சிஎஸ்6 வரையிலான பதிப்புகளில் திறந்து, எக்ஸ்எம்எல் அடிப்படையிலான ஐடிஎம்எல் வடிவில் சேமிக்கலாம். பின்னர் எக்ஸ்எஸ்எல்டி என்னும் உருமாற்று மொழி மூலம் கூறுகளைப் பிரிக்கலாம். பத்திப் பாணிகள் சீராக அமைந்த கோப்புக்குத் தானியங்கி மாற்றம் பொருந்தும். எழுத்தளவைக் கையால் மாற்றி அமைத்த கோப்புக்கு ஆள் உழைப்பு தேவை. குறியாக்கம், பாணி இரண்டையும் இழக்காமல் காக்கும் கருவியே தமிழுக்கு ஏற்றது.