துளைக்கு என்ன விலை?

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் நடைபெற்ற கைவினைக் கண்காட்சி ஒன்றுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஆந்திர மாநிலத்து நரசாபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் வெள்ளை நூலில் பின்னிய விரிப்புகளையும் சட்டைகளையும் அங்கே பரப்பியிருந்தார். அவற்றுள் கையில்லாத மேற்சட்டை ஒன்று என் மனைவியின் கண்ணைக் கவர்ந்தது. உடல் முழுதும் பூக்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே வலைபோன்ற இடைவெளி. விலையைக் கேட்டதும் நான், பேரம் பேசும் பழக்கத்தால், "இதில் நூலைவிட ஓட்டைதானே அதிகம்? ஓட்டைக்குமா விலை?" என்று இந்தியில் கேட்டுவிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "அந்த ஓட்டையைத்தான் ஐயா நான் பின்னினேன். நூல் கடையில் கிடைக்கிறது" என்றார்.

அந்த விடை என்னை விடவில்லை. குரோஷாப் பின்னல் நமக்குப் புதிதன்று. என் பாட்டியார் வீட்டில் வானொலிப் பெட்டியின்மேல் குரோஷா விரிப்பு ஒன்று கிடந்தது. அதைப் பின்னியவர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. பொழுது போகாத பெண்கள் திண்ணையில் அமர்ந்து செய்யும் கைவேலை என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இக்கலையின் வரலாறே எடுத்துரைக்கும்.

முதலில் வேலை நடைபெறும் முறையைப் பார்ப்போம். கருவி ஒன்றே ஒன்று. நுனியில் சிறு கொக்கி கொண்ட ஊசி அது. நூலை ஒரு கண்ணியாக்கி, அக்கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்தெடுத்தால் சங்கிலி பிறக்கிறது. சங்கிலியின்மேல் ஊசியை நுழைத்து நூலை வாங்கி, இரண்டிரண்டு கண்ணிகளாகக் கழித்தால் சிறு தூண் போன்றதோர் இழை நிற்கிறது. ஒரு தூண், இரண்டு சங்கிலிக் கண்ணி, மீண்டும் ஒரு தூண் என்று போனால் நடுவே ஒரு சதுரத் துளை அமைகிறது. துளை என்பது நூல் இல்லாத இடமன்று. நான்கு பக்கமும் அளவாக நூல் நின்று காக்கும் இடம். ஒரு கண்ணி தவறினால் சதுரம் கோணும். வரிசை கோணினால் சட்டையின் தோள் ஒரு பக்கம் தொங்கும். கெட்டியான துணியில் சிறு பிழை மறைந்துவிடும். துளைப் பின்னலில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இந்தக் கொக்கி ஊசியின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 18ஆம் நூற்றாண்டில் கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒருவகைப் பூவேலையே இதற்குத் தாய் என்று பலர் கருதுகின்றனர். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கியால் துணியின் ஊடே சங்கிலித் தையல் போடுவது அவ்வேலை. குஜராத்தில் வாழும் நேயர்கள் கட்சுப் பகுதியின் ஆரி வேலையைக் கண்டிருப்பார்கள். அது இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிற்காலத்தில் ஐரோப்பாவில் யாரோ துணியை விலக்கிவிட்டு, வெறுங்காற்றில் அதே சங்கிலியைப் பின்னினர். அதுவே குரோஷா ஆயிற்று என்பது அவர்கள் கொள்கை.

ஆயினும் இக்கலைக்குப் பெரும்புகழ் வந்தது வறுமையினால்தான். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் பரவியது. ஏழை மக்களுக்கு அதைத் தவிர வேறு உணவில்லை. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்நாளில் கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலா சபைக் கன்னியர் தம்மிடம் பயின்ற பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். வடக்கே மோனகன் மாவட்டத்துக் குளோனிஸ் என்னும் சிற்றூரில், அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவியான கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார் 1847ஆம் ஆண்டில் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். இன்றும் குளோனிஸ் முடிச்சு என்று ஒரு முடிச்சு அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேறு கைவேலைகள் பல இருக்க, குரோஷாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலச் செல்வர் விரும்பி அணிந்தது வெனிஸ் நகரத்து ஊசி லேஸ். மெல்லிய ஊசியால் நூலின்மேல் நூலாகத் தைத்து அதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதன் தோற்றத்தையே குரோஷாவில் கொண்டுவரலாம் என்று தம் நூல்களால் வழிகாட்டியவர் ரியேகோ த லா பிராஞ்ஷார்தியேர் என்னும் பெண்மணி. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் அயர்லாந்துப் பெண். 1840களிலிருந்து அவர் மாதிரிப் புத்தகங்கள் பல வெளியிட்டார். ஊசி லேஸைவிடக் குரோஷா பன்மடங்கு விரைவாக வளரும். கருவிக்குச் செலவும் இல்லை. பசித்த குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

வேலைப் பங்கீடும் அங்கே உருவாயிற்று. ஒரு வீட்டில் ரோஜாப் பூ, மறு வீட்டில் இலை, இன்னொரு வீட்டில் திராட்சைக் குலை என்று தனித்தனியே பின்னினர். சில குடும்பங்கள் தம் பூவின் கணக்கைப் பிறர் அறியாமல் காத்தன என்பர். வந்து சேர்ந்த பூக்களைச் சட்டையின் அளவுக்கு வெட்டிய துணிமேல் கவிழ்த்து வைத்து, இடைவெளியை வலைப்பின்னலால் நிரப்புவார்கள். பின்னர்த் துணியை நீக்கினால் சட்டை மட்டும் நிற்கும். அந்தக் கூலியில் அரிசி பருப்புக்கு நிகரான அன்றாடப் பண்டங்களை வாங்கியவர் உண்டு. அமெரிக்கா செல்லக் கப்பற்கூலி சேர்த்தவரும் உண்டு. பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்க்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து நாகரிகப் பெண்டிர் அயர்லாந்துக் குரோஷாச் சட்டைகளையும் மேலங்கிகளையும் விரும்பி அணிந்தனர். அதற்குள் போட்டியும் எழுந்துவிட்டது. 1880களில் தோன்றிய ஓர் உத்தியின்படி, துணியின்மேல் இயந்திரத்தால் பூவேலை செய்து, பின்னர் இரசாயனத்தில் அத்துணியைக் கரைத்துவிடுவார்கள். பூவேலை மட்டும் லேஸாக எஞ்சும். அந்தப் போலி மலிவாகச் சந்தைக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் உடைப் பாங்கும் மாறவே, அயர்லாந்தின் தொழில் தளர்ந்தது.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். இயந்திரம் குரோஷாவைப் போலச் செய்ததேயன்றிக் குரோஷாவைச் செய்யவில்லை. கம்பளிச் சட்டை பின்னுவதில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும். ஆதலால் பல ஊசிகள் கொண்ட இயந்திரம் அதை எளிதிற் செய்கிறது. குரோஷாவிலோ ஒவ்வொரு தையலும் முடிந்த பின்னரே அடுத்த தையல் தொடங்கும். கொக்கி எந்தத் துளையில் நுழைய வேண்டும் என்பதைக் கண் பார்த்துக் கைக்குச் சொல்ல வேண்டும். விண்கலங்கள் செவ்வாய்க் கோளை அடைந்துவிட்ட இந்நாளிலும், கடைகளில் விற்கும் உண்மையான குரோஷாச் சட்டை மனிதக் கையால் பின்னப்பட்டதே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் வழங்கும் தென்கோடியில் நாகர்கோவில் லேஸ் 1820களிலேயே தொடங்கிவிட்டது. சமயத் தொண்டர் சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்பள்ளியில் அதைக் கற்பித்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. ஆனால் அதன் வரலாற்றில் ஒன்று மறக்கத்தக்கதன்று. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய கூலியைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினர்.

குரோஷா வேரூன்றியது கோதாவரிக் கழிமுகத்தில். 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த கிறித்தவ சமயத் தொண்டர்கள் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்பித்தனர். நரசாபுரமும் சுற்றியுள்ள ஊர்களும் நாளடைவில் இதற்குப் பெயர் பெற்றன. பின்னர்ப் பிற சமயப் பெண்களும் பெருந்தொகையாகக் கற்றுக்கொண்டனர். இங்கும் அயர்லாந்தின் முறைதான்: பூ பின்னுபவர் ஒருவர், பூக்களை இணைப்பவர் வேறொருவர், நூல் கொடுத்துப் பின்னலை வாங்கிச் செல்லும் தரகர் ஒருவர், வெளிநாட்டுக்கு அனுப்பும் வணிகர் ஒருவர்.

ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் இப்பெண்களிடையே ஆய்வு நடத்தி, 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பொருள் ஆக்கித் தரும் இப்பெண்களைத் தரகரும் வணிகரும் தொழிலாளராகவே கருதவில்லை என்பது அந்நூலின் முடிவு. வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் கைவேலை செய்கிறார்கள் என்றே அவர்கள் பேசினர். ஓய்வு எனப்பட்டதோ நாளுக்குப் பல மணி நேர உழைப்பு. ஓய்வுக்கு யார் கூலி தருவார்? ஆகவே துண்டுக் கணக்கில் கொடுத்த கூலி மிகச் சிறியதாய் இருந்தது. பின்னியவர் ஏழையாகவே இருக்க, ஏற்றுமதி செய்தவர் செழித்தனர்.

அரசாங்கப் படிவங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். வேலை செய்யாதோர் என்னும் தலைப்பின்கீழ் வீட்டு வேலை என்றொரு பிரிவை எழுதியவன் நான். வேலை என்ற சொல் அங்கேயே இருக்க, அதைச் செய்பவர் வேலை செய்யாதவராவது எங்ஙனம் என்று அப்போது நான் நின்று எண்ணவில்லை. நரசாபுரத்து அம்மையார் தந்த விடைக்குப் பிறகே அது என் கண்ணில் உறுத்தியது. சட்டையில் துளை எப்படியோ, கணக்கில் அப்படி அவர் உழைப்பு. இருந்தும் இல்லாதது போல் தோன்றுகிறது.

2024ஆம் ஆண்டில் நரசாபுரத்துக் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேற்றூர்ப் பொருளை அப்பெயரால் விற்க அக்குறியீடு தடை செய்யும். அது நன்றே. ஆனால் ஊரின் பெயரைக் காப்பதனாலேயே பின்னியவரின் கூலி உயர்ந்துவிடாது. அது பாதி வணிகர் கையில். பாதி வாங்குவோராகிய நம் கையில்.

இப்படிப்பட்ட சட்டையைக் காணும் நேயர்கள் அதைத் திருப்பிப் பாருங்கள். கரைத்தெடுத்த இயந்திர லேஸில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும், கண்ணி இராது. குரோஷாவிலோ ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணிக்குள்ளிருந்து எழுவதைக் காணலாம். பூவும் பூவும் சேருமிடத்தில் நூல்முனையை உள்ளே செருகியிருப்பதும் தெரியும். ஒரு பூ மற்றொரு பூவைவிட இம்மியளவு பெரிதாக இருந்தால் குறை சொல்ல வேண்டா. அது கையின் கையொப்பம்.

கேட்ட விலையைக் கொடுத்து அச்சட்டையை வாங்கி வந்தோம். என் மனைவி பள்ளியில் குரோஷா பயின்றவர். அன்றிரவு பெட்டியின் அடியிலிருந்து பழைய கொக்கி ஊசியைத் தேடி எடுத்து, சட்டையைப் பார்த்தவாறு ஒரே ஒரு பூவைப் பின்ன முயன்றார். மூன்று முறை பிரித்துப் பிரித்துப் பின்னி, அது உருவாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு சட்டையின் முதுகுப் பக்கத்துப் பூக்களை மட்டும் எண்ணினோம், 24 இருந்தன. முன்பக்கத்தை எண்ணவில்லை. நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வர, விளக்கை அணைத்துவிட்டேன்.